எப்போதும் 8960இல் மூடிக்கொள்ளும் வால்வு: சிமுலேட்டரில் இந்தப் பிழை ஏன் அகப்படவில்லை?

கேள்வி: நீர்த்தடம்

அனைவருக்கும் வணக்கம். 20 லிட்டர் குடிநீர்க் கேன்களை நிரப்பும் சிறிய இயந்திரம் ஒன்றுக்கு அட்மெகா328பி மைக்ரோகண்ட்ரோலரில் ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்திருக்கும் நிரல்) எழுதியிருக்கிறேன். ஆர்டுயினோ நூலகம் எதையும் பயன்படுத்தாமல், ஏவிஆர்-ஜிசிசி கம்பைலருக்காக நேரடியாகச் சி மொழியில் எழுதிய நிரல் இது. கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். குழாயில் ஒய்எஃப்-எஸ்201 வகை நீரோட்ட சென்சார் பொருத்தப்பட்டுள்ளது. அது லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் தருவதால், 9000 பல்ஸ் எண்ணியதும் சோலனாய்டு வால்வை மூடுவதே நிரலின் முக்கிய வேலை. ஒவ்வொரு பல்ஸும் வெளி இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் சிறு நிரல்பகுதி) ஒன்றைத் தூண்ட, அந்த இன்டரப்ட் 16 பிட் கவுன்டரில் ஒன்றைக் கூட்டுகிறது. முதன்மை லூப் அந்தக் கவுன்டரை 9000 உடன் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, எட்டியதும் வால்வை மூடி, உடனே கவுன்டரின் மதிப்பை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராமில் பதிவு செய்கிறது. இவை தவிர, மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும் டைமர் இன்டரப்ட் ஒன்றும், 2 வினாடிகளுக்கு மேல் பல்ஸ் வராவிட்டால் ‘தண்ணீர் வரவில்லை’ என்று ஒலி எழுப்பும் பகுதி ஒன்றும் உண்டு. லூப் ஒருமுறை சுற்றிவரச் சுமார் 400 கடிகாரச் சுழற்சிகள் ஆகின்றன. நிரப்பும்போது நிமிடத்துக்கு 8 லிட்டர் அளவில் தண்ணீர் ஓடுவதால் வினாடிக்குச் சுமார் 60 பல்ஸ் வருகிறது.

நூற்றைம்பது, இருநூறு கேன்களுக்கு ஒன்று சற்றுக் குறைவாக நிரம்பி வருகிறது என்பதுதான் சிக்கல். ஈப்ராம் பதிவைப் பார்த்தால் மற்ற கேன்களுக்கெல்லாம் 9000 என்று இருக்க, அந்தக் கேனுக்கு மட்டும் 8960 என்று இருக்கிறது. எப்போது பிழை வந்தாலும் அதே 8960தான். 8959ஓ 8970ஓ ஒருபோதும் வந்ததில்லை. கவுன்டரை வாலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்க வேண்டிய மாறி) என்றே அறிவித்திருக்கிறேன். காரணத்தைக் கண்டறியக் கவுன்டரின் மதிப்பை ஒவ்வொரு சுற்றிலும் 9600 பாட் வேகத்தில் சீரியலில் அச்சிட்டுப் பார்த்தேன். அச்சிடும் வரிகளைச் சேர்த்ததும் பிழை வருவதே இல்லை.

இந்தச் சிப்பைப் போலவே கணினியில் நடந்துகாட்டும் சிம்ஏவிஆர் சிமுலேட்டரில் அதே ஃபர்ம்வேரை ஏற்றி, வினாடிக்கு 60 பல்ஸ் தரும் சிறிய சோதனை நிரல் ஒன்றை இணைத்து, ஒவ்வொரு கேனுக்கும் ரீசெட்டிலிருந்து தொடங்கி நீண்ட நேரம் ஓட்டினேன். ஒரு முறைகூடத் தவறவில்லை; எல்லாம் 9000. இப்படிப்பட்ட பிழையைச் சிமுலேட்டரால் காட்டவே முடியாதா, அல்லது நான் பயன்படுத்தும் முறையில் ஏதேனும் விடுபடுகிறதா? ரீசெட் பின்னில் கெபாசிட்டர் இருப்பதால் இந்தப் பலகையில், ரீசெட் பின் வழியாகச் சிப்பின் உள்ளே நடப்பதைப் பார்க்க உதவும் டீபக்வயர் கருவியையும் இப்போதைக்கு இணைக்க முடியாது.

பதில்: கம்பிவேலை

சோலனாய்டு வால்வு இருக்கும் பலகையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின் இரைச்சலைத்தான் என்பது என் கருத்து. வால்வுச் சுருளுக்குக் குறுக்கே டயோடு இருக்கிறதா? சென்சாரின் சிக்னல் கம்பிக்குச் சரியான புல்-அப் ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா? அந்தக் கம்பியையும் வால்வுக் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். இவற்றில் எதையும் சிமுலேட்டர் காட்டாது. அதில் நேரம் செலவிடுவதைவிட, அந்தப் பின்னில் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்ப்பதே நல்லது.

பதில்: சுழற்சிக்கணக்கு

நண்பர் கம்பிவேலை சொல்லும் டயோடும் புல்-அப்பும் எப்படியும் இருக்க வேண்டியவைதாம். ஆனால் இந்தப் பிழைக்குக் காரணம் இரைச்சல் அன்று என்பதைக் கேள்வியில் உள்ள எண்களே சொல்லிவிடுகின்றன. இரைச்சலால் பொய்யான பல்ஸ் வந்தால் கவுன்டர் வேகமாக ஏறியிருக்கும். தண்ணீர் குறைந்திருந்தாலும் பதிவு 9000 என்றே இருந்திருக்கும். இங்கோ பதிவே 8960 என்கிறது. அதாவது, கவுன்டரில் 8960 இருந்த வேளையில், ஒப்பிடும் வரி மட்டும் 9000க்குக் குறையாத ஓர் எண்ணைக் கண்டிருக்கிறது. அடுத்த சில கட்டளைகளுக்குள் ஈப்ராமுக்காக மீண்டும் படித்தபோது சரியான எண் கிடைத்திருக்கிறது.

8960ஐ 256ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 35 வரும். அட்மெகா328பி ஓர் 8 பிட் செயலி. 16 பிட் கவுன்டரை அது ஒரே மூச்சில் படிக்க முடியாது. முதலில் கீழ் பைட்டையும் பிறகு மேல் பைட்டையும், இரண்டு சுழற்சிகள் எடுக்கும் இரு தனித்தனி எல்டிஎஸ் (நினைவகத்திலிருந்து ஒரு பைட்டைப் படிக்கும்) கட்டளைகளால் படிக்கிறது. கம்பைல் செய்த நிரலைக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும் ஏவிஆர்-ஆப்ஜ்டம்ப் தரும் அசெம்பிளி பட்டியலில் 9000 உடன் ஒப்பிடும் இடத்தைத் தேடினால் அந்த இரண்டு வரிகளும் கண்ணில் படும். கவுன்டர் 8959இல் இருக்கும்போது மேல் பைட் 34, கீழ் பைட் 255. லூப் கீழ் பைட்டான 255ஐப் படித்து முடித்து, மேல் பைட்டைப் படிப்பதற்கு முன் பல்ஸ் வந்துவிட்டால், இன்டரப்ட் கவுன்டரை 8960 ஆக்கிவிட்டுத் திரும்புகிறது; இப்போது மேல் பைட் 35. லூப்பின் கையில் இருப்பது பழைய 255உம் புதிய 35உம். 35ஐ 256ஆல் பெருக்கி 255ஐக் கூட்டினால் 9215. அது 9000ஐவிடப் பெரிது, வால்வு மூடிக்கொள்கிறது.

மேல் பைட் மாறும் வேறு இடங்களில் ஏன் இது நிகழ்வதில்லை என்ற கேள்வி எழலாம். நிகழவே செய்கிறது, ஆனால் விளைவு தெரிவதில்லை. இதற்கு முந்தைய மாற்றம் 8703இலிருந்து 8704க்கு. அங்கே தவறாகப் படித்தால் கிடைப்பது 8959. அது 9000க்குக் குறைவு என்பதால் வால்வு அசையாது, அடுத்த சுற்றில் சரியான எண் வந்துவிடும். 9000ஐத் தாண்டும் பொய் எண்ணைத் தரக்கூடியது 8960 ஒன்றுதான். கேனில் குறைவதும் ஒவ்வொரு முறையும் அதே 40 பல்ஸ், அதாவது ஏறத்தாழ 89 மில்லிலிட்டராக இருக்கும்.

நிகழும் வாய்ப்பையும் கணக்கிட்டுவிடலாம். முதல் எல்டிஎஸ் நடக்கும் 2 சுழற்சிகளுக்குள் பல்ஸ் வந்து சேர வேண்டும். லூப்பின் நீளம் 400 சுழற்சிகள். ஆகவே 200 கேன்களுக்கு ஒன்று. நீங்கள் கண்டதும் ஏறக்குறைய அதுவே. சீரியல் அச்சு பிழையை மறைத்ததற்கும் காரணம் இதுதான். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட், சுமார் 1.04 மில்லிவினாடி, அதாவது 16,667 சுழற்சிகள். சுற்றுக்கு ஆறு எழுத்துகள் அச்சிட்டால் லூப் ஒரு லட்சம் சுழற்சிகளாக நீண்டுவிடுகிறது. பிழையின் வாய்ப்பு 50,000 கேன்களுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பிழை அப்படியே இருக்கிறது. கண்ணில் படுவதற்குள் பல மாதங்கள் ஆகும் என்பதுதான் மாற்றம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். சிம்ஏவிஆர் கட்டளை கட்டளையாக, சுழற்சிக் கணக்குடன் ஓடுவதால், இரண்டு எல்டிஎஸ்களுக்கு இடையே இன்டரப்ட் நுழைவதை அதனால் முற்றிலும் சரியாகக் காட்ட முடியும். ஆனால் சிமுலேட்டரில் தற்செயல் என்பதே கிடையாது. ரீசெட்டிலிருந்து ஒரே ஃபர்ம்வேர், ஒரே பல்ஸ் வரிசை என்று தொடங்கினால், 8960ஆவது பல்ஸ் லூப்பின் எந்தக் கட்டளையின்மீது வந்து விழுகிறதோ, அடுத்த ஓட்டத்திலும் அதே கட்டளையின்மீதுதான் விழும். ஆயிரம் கேன்கள் நிரப்பியதாகத் தோன்றினாலும் நீங்கள் சோதித்தது ஒரே ஒரு கேனைத்தான். உண்மைக் குழாயில் தண்ணீரின் ஓட்டம் சீரற்றது. சென்சாரின் சக்கரத்துக்கும் உங்கள் கிரிஸ்டலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே அங்கே ஒவ்வொரு கேனும் ஒரு புதிய சோதனை.

செய்ய வேண்டியது இது. முதல் பல்ஸ் தொடங்கும் நேரத்தை ஓட்டத்துக்கு ஒரு கடிகாரச் சுழற்சி வீதம் தள்ளிக்கொண்டே போங்கள். லூப் 400 சுழற்சிகள் என்பதால் 450 ஓட்டங்களில் லூப்பின் எல்லாப் புள்ளிகளும் ஒருமுறையேனும் சோதிக்கப்பட்டுவிடும். உண்மைக் கருவியில் இதைச் செய்யவே முடியாது, 62.5 நானோவினாடி துல்லியத்தில் தண்ணீரைத் தள்ளிவிட எவராலும் இயலாது. பிழை அகப்பட்டுவிட்டால், அதே தாமதத்தைக் கொடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் அப்படியே மீண்டும் வரவழைத்து, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் கட்டளை கட்டளையாக நடந்து பார்க்கலாம். பிரேக்பாயின்டில் (நிரல் நிற்க வேண்டும் என்று குறித்த இடத்தில்) நிற்கும்போது சிமுலேட்டரின் டைமரும் பல்ஸும் சேர்ந்தே நிற்கின்றன. உண்மைப் பலகையில் செயலியை நிறுத்தினால் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

நீர்த்தடம்

மிக்க நன்றி. 8960க்கும் 256க்கும் உள்ள தொடர்பைப் பார்த்ததும் ஐயம் நீங்கிவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள் மட்டும் இருக்கின்றன. ஒரு கேன் நிரம்ப 150 வினாடி, அதாவது 240 கோடி சுழற்சிகள் ஆகின்றன. இதை 450 முறை ஓட்டுவது மிக நீண்ட வேலை. சுருக்க வழி உண்டா? மேலும், கவுன்டரைப் படிக்கும் இடத்தில் இன்டரப்டை நிறுத்தி வைத்தால் அந்த வேளையில் வரும் பல்ஸ் தொலைந்துபோகாதா?

பதில்: சுழற்சிக்கணக்கு

முழுக் கேனையும் நிரப்ப வேண்டிய தேவை இல்லை. தொடக்க வேலைகள் முடிந்து முதன்மை லூப்புக்குள் நுழைந்ததும், சோதனை நிரலிலிருந்தே கவுன்டரின் நினைவகத்தில் 8950 என்று எழுதிவிடுங்கள். அதன்பின் 50 பல்ஸ்தான் பாக்கி. ஒரு வினாடிக்கும் குறைவான சிமுலேஷன் நேரம். கவுன்டரின் முகவரியை, மாறிகளின் முகவரிகளைப் பட்டியலிடும் ஏவிஆர்-என்எம் கருவி காட்டும். ஆனால் தரவு நினைவகத்தை நிரல் நினைவகத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக, அந்த முகவரியுடன் பதினாறடிமானத்தில் 800000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அட்மெகா328பியில் எஸ்ரேம், அதாவது மாறிகள் இருக்கும் தரவு நினைவகம், 256இல் தொடங்கி 2303இல் முடிகிறது. கழித்த பிறகு வரும் எண் இந்த எல்லைக்குள் இல்லையென்றால் கணக்கு எங்கோ தவறியிருக்கிறது. ஜிடிபியை இணைத்து, மாறியின் பெயரைச் சொல்லியே மதிப்பை மாற்றுவதும் எளிது. ஆனால் 450 ஓட்டங்களுக்குச் சோதனை நிரலே வசதி.

தாமதத்தைத் தள்ளிப் பார்ப்பது ‘பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாத’ நிலைக்கு ஏற்ற முறை. இடம் தெரிந்துவிட்டதால் நேரான வழியும் ஒன்று உண்டு. சோதனை நிரல் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் நிரல் கவுன்டரை (அடுத்து ஓடவிருக்கும் கட்டளையின் முகவரியை) பார்க்கட்டும். முதல் எல்டிஎஸ்ஸின் முகவரி வந்து, பல்ஸ் கவுன்டரும் 8959 ஆக இருந்தால், அந்தக் கணத்தில் சென்சார் பின்னை உயர்த்திவிடட்டும். ஏவிஆர் செயலி இன்டரப்டைக் கட்டளைக்கு நடுவே ஏற்பதில்லை. நடக்கும் கட்டளை முடிந்த பிறகே ஏற்கும். ஆகவே முதல் எல்டிஎஸ் முடிந்ததும் இன்டரப்ட் ஓடி, அது திரும்பிய பிறகு இரண்டாவது எல்டிஎஸ் ஓடும். பிழை வந்தே தீரும். இரண்டாவது எல்டிஎஸ்ஸின் முகவரியில் பின்னை உயர்த்தினால் அந்தக் கட்டளையும் முடிந்த பின்னரே இன்டரப்ட் நுழையும்; அப்போது பிழை வராது.

பல்ஸ் தொலையுமா என்ற கேள்விக்கு: தொலையாது. வெளி இன்டரப்ட் தடுக்கப்பட்டிருக்கும்போது பல்ஸ் வந்தால், அதற்குரிய கொடி பிட் உயர்ந்து, தடை நீங்கும் வரை காத்திருக்கும். அந்தத் தடைக்காலத்துக்குள் இரண்டு பல்ஸ் வந்தால் மட்டுமே ஒன்று தொலையும். இரண்டு பைட்டைப் படித்து முடிக்க ஒரு மைக்ரோவினாடிகூட ஆகாது. உங்கள் பல்ஸ்களுக்கு இடையே 16 மில்லிவினாடி இருக்கிறது.

திருத்தத்துக்கு ஏவிஆர்-லிப்சி நூலகத்தில் உள்ள அட்டாமிக் பிளாக் (உள்ளே இருக்கும் வரிகள் முடியும் வரை இன்டரப்டைத் தடுத்து வைக்கும்) மேக்ரோவையே பயன்படுத்துங்கள். முந்தைய இன்டரப்ட் நிலையை மீட்டுத் தரும் வடிவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்குள் கவுன்டரை உள்ளூர் மாறி ஒன்றில் நகலெடுங்கள். ஒப்பிடவும் ஈப்ராமில் எழுதவும் அந்த ஒரே நகலைப் பயன்படுத்துங்கள். வாலட்டைல் என்ற அறிவிப்பு, மாறியை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதை மட்டுமே கம்பைலருக்குச் சொல்கிறது. அப்படிப் படிப்பது இடையில் துண்டிக்கப்படாது என்ற உறுதியை அது தருவதில்லை. அந்த அறிவிப்பையும் நீக்கிவிடக் கூடாது, இரண்டும் வேண்டும்.

பதில்: தொட்டிமட்டம்

இன்டரப்டை நிறுத்தாமலே தீர்க்கும் வழி ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். இன்டரப்ட் கூட்டும் கவுன்டரை 8 பிட்டாக வையுங்கள். ஒற்றை பைட்டைப் படிப்பது ஒரே கட்டளை என்பதால் அது துண்டுபடாது. முதன்மை லூப் முன்பு படித்த மதிப்பை இப்போதைய மதிப்பிலிருந்து 8 பிட் கணக்கில் கழித்து, வரும் வேறுபாட்டைத் தனக்கே உரிய 16 பிட் மொத்தத்தில் கூட்டிக்கொள்ளலாம். 255இலிருந்து 0க்குச் சுழன்றாலும் கழித்தல் சரியாகவே வரும். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே 256க்கும் குறைவான பல்ஸ் வர வேண்டும் என்பதே நிபந்தனை. வினாடிக்கு 60 பல்ஸ் என்றால் நான்கு வினாடிகளுக்கும் மேல் அவகாசம் இருக்கிறது. மொத்தம் இன்டரப்டின் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் எனக்கு இந்த அமைப்பே அதிகம் பிடிக்கும்.

சிமுலேட்டரைத் தேர்வது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கியூஇஎம்யூ என்ற மற்றொரு சிமுலேட்டரிலும் 2020இலிருந்து ஏவிஆர் ஆதரவு இருக்கிறது; ஆனால் அது வேகத்துக்காகக் கட்டளைகளைத் தொகுதி தொகுதியாக மொழிபெயர்த்து ஓட்டுவது, சுழற்சிக் கணக்குக்கானது அன்று. இந்த வகைப் பிழையைத் தேட அது பொருந்தாது. மைக்ரோசிப் ஸ்டுடியோவுடன் வரும் சிமுலேட்டரில் சுழற்சிக் கவுன்டர் இருப்பதால், விண்டோஸில் வேலை செய்பவர்கள் லூப்பின் நீளத்தை அளக்க அதைப் பயன்படுத்தலாம்.

நண்பர் கம்பிவேலையின் எச்சரிக்கையையும் ஒதுக்கிவிட வேண்டாம். சிம்ஏவிஆர் எஸ்ரேமைச் சுழியத்தால் நிரப்பித் தொடங்குகிறது; உண்மைச் சிப்பில் மின்சாரம் வரும்போது அங்கே எது வேண்டுமானாலும் இருக்கலாம். தொடக்க மதிப்பு கொடுக்காத உள்ளூர் மாறி ஒன்று சிமுலேட்டரில் எப்போதும் ஒழுங்காக நடந்துகொண்டு, பலகையில் மட்டும் தகராறு செய்வதற்கு இது ஒரு பொதுவான காரணம். வால்வு இழுக்கும்போது மின்னழுத்தம் சரிவது, பொத்தான் துள்ளுவது, இணைக்காமல் விட்ட பின் மிதப்பது ஆகியவற்றையும் நாமே எழுதிச் சேர்த்தாலொழியச் சிமுலேட்டர் அறியாது.

நீர்த்தடம்

சொன்னபடியே சோதனை நிரலை மாற்றி, கவுன்டரில் 8950 எழுதி, தாமதத்தைச் சுழற்சி சுழற்சியாகத் தள்ளி ஓட்டினேன். அடுத்தடுத்து வந்த இரண்டு தாமதங்களில் வால்வு 8960இல் மூடியது. மற்ற எல்லாவற்றிலும் 9000. அந்த இரண்டில் ஒன்றை ஜிடிபியில் நடத்திப் பார்த்தபோது, ஒப்பிடும் இடத்தில் ஒரு ரிஜிஸ்டரில் 255உம் மற்றதில் 35உம் இருந்ததை நேரிலேயே கண்டேன். அட்டாமிக் பிளாக் சேர்த்த பிறகு எந்தத் தாமதத்திலும் பிழை இல்லை. கூடுதல் கட்டளைகளால் லூப் சற்று நீண்டிருக்கும் என்பதால் வீச்சை 600 வரை கூட்டியும் பார்த்துவிட்டேன். டயோடும் புல்-அப்பும் பலகையில் இருப்பதை உறுதி செய்துகொண்டேன்.

பதில்: சுழற்சிக்கணக்கு

மிக நன்று. அந்தச் சோதனை நிரலை ஃபர்ம்வேரின் மூலக்கோப்புகளுடனேயே சேமித்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டுங்கள். கம்பைலரின் பதிப்போ ஆப்டிமைசேஷன் நிலையோ மாறினால் கட்டளைகளின் வரிசையும் மாறும்.

‘தண்ணீர் வரவில்லை’ பகுதியையும் உடனே பாருங்கள். கடைசிப் பல்ஸ் வந்த நேரத்தை இன்டரப்ட் 32 பிட் மாறியில் எழுத, லூப் அதைப் படிப்பதாக இருந்தால், அங்கே நான்கு எல்டிஎஸ்கள் இருக்கும்; இன்டரப்ட் நுழைய மூன்று இடைவெளிகள். கடைசிப் பல்ஸ் நேரம் 65,530இலிருந்து 65,546 ஆக மாறும் வேளையில், கீழ் இரு பைட்டுகள் பழையனவும் மேல் இரு பைட்டுகள் புதியனவுமாகப் படிக்கப்பட்டால், கிடைக்கும் எண் 131,066. அதை இப்போதைய நேரமான 65,546இலிருந்து கழித்தால், குறியில்லா 32 பிட் கணக்கில் 4,294,901,776 மில்லிவினாடி வரும். தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை ஒலிக்கும். டைமர் இன்டரப்ட் கூட்டும் மில்லிவினாடிக் கணக்கை லூப் படிக்கும் இடமும் அதே நிலைதான். இரண்டையும் ஒரே அட்டாமிக் பிளாக்குக்குள் நகலெடுத்துவிட்டு, வெளியே வந்து கழித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மில்லிவினாடிக் கணக்கை 65,500இல் வைத்துத் தொடங்கி, பல்ஸ் தாமதத்தை மீண்டும் ஒவ்வொரு சுழற்சியாகத் தள்ளி ஓட்டிப் பாருங்கள்.